மடத்துத் தரையில் இருந்த கற்கள்

அன்று அந்தக் கல் மண்டபத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: அம்மா, பதினொரு வயதில் நான், சாவிக்கொத்தோடு வந்த ஒரு டேனிஷ் பெண்மணி. அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்ததையும் சேர்த்தால் நான்கு. ஈரச் சுண்ணாம்பும் அணைந்த மெழுகுதிரியும் கலந்த மணம் உள்ளே போனதுமே தொண்டையைப் பிடித்தது.

டென்மார்க்கில் நாங்கள் இருந்த விபோர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். முன்னொரு காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் இருந்த மடம். அரசன் அவர்களைக் கலைத்தபின் ஒரு பிரபுவின் குடும்பம் அதை மாளிகையாக்கி நெடுங்காலம் வாழ்ந்ததாம். நாங்கள் போனபோது பாதி வீடும் பாதி அருங்காட்சியகமுமாக இருந்தது. அப்பாவை இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து நிற்பாட்டியிருந்தார்கள். ஆகவே அங்கே தரை துடைக்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தால்தான் வீட்டு வாடகை. அம்மாவுக்கு டேனிஷ் தெரியாது. அப்போது பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு "உருளைக்கிழங்கு விடுமுறை" என்று சொல்லும் இலையுதிர்கால விடுமுறை. மொழிபெயர்க்க நான் போனேன்.

தரையில் ஆள் நீளத்துக்குக் கற்கள், எல்லாவற்றிலும் எழுத்து. பிரபுவின் குடும்பத்தார் இவற்றின் கீழேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பெண்மணி சாதாரணமாகச் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"வயித்துப் பிள்ளையோட செத்தவீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதற்காகத் தன் சொந்தச் சித்தப்பாவின் சாவுக்கே அம்மா போகவில்லை. உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

"காசு குடுத்த ஆக்களின்ர பேராம். கோயில்ல உபயம் போடுறமாதிரி."

அம்மா சிரித்துவிட்டார். "அதுதானே பாத்தன்! எங்கட கோயில் படியிலயும் இப்பிடித்தான். புடவைக்கடைக்காரற்ற பேரை மிதிக்காமல் ஒருத்தரும் சாமி கும்பிடேலாது."

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. குனிய முடியாத வயிற்றோடு முழங்காலில் இருந்து, எழுத்துகளின் பள்ளத்தில் படிந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் எடுப்பார். "உபயகாரர் குறை சொல்லக்கூடாது பார்" என்பார். ஒவ்வொரு நாளும் நான் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. தொப்புள்கொடி சுற்றிக்கொண்டது என்றார் வைத்தியர், நான் நம்பவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "எந்தக் கூடாததில காலை வச்சனோ, தெரியேல்லை" என்று அம்மா சொல்வது குசினிக் கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. விபோர்க் மயானத்தில் ஒரு சின்னக் கல் வைத்தோம். பிறகு தூரத்து ஒடென்சே நகரத்துக்கு வீடு மாறினோம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா அந்த மயானத்துக்குப் போகக் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது மட்டும் என் பொறுப்பாகவே இருந்தது.

போன கோடையில் அம்மா திடீரென்று அந்த மடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவோ சாட்டுச் சொன்னேன், எடுபடவில்லை. போய்ப் பார்த்தால், தரையில் அந்தக் கற்கள் இல்லை. தேயாமல் இருக்கட்டும் என்று பெயர்த்துச் சுவரோடு நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அம்மா டேனிஷ் வாசிக்கப் பழகிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கல்லிலிருந்து தொடங்கினார்.

"அப்ப உபயம் இல்லை" என்றார்.

"அம்மா, நான் அண்டைக்கு..."

"விடு. நீ சின்னப் பிள்ளை. வேலைக்காகத்தானே சொன்னனீ."

கடைசியில் இருந்த சின்னக் கல்லின் முன் வெகுநேரம் நின்றார். பிரபுவின் மகன், பதினொரு நாள் இருந்திருக்கிறான்.

"பதினொரு நாளாவது பாத்திருக்கினம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "எங்கட பிள்ளையின்ர கல்லையும் பாத்திட்டுப் போவம். பக்கந்தானே" என்றார்.

இங்கே மயானத்து இடம் தவணைக்குத்தான். தவணை முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். பல வருடங்களுக்கு முன்பே, அம்மா டேனிஷ் வாசிக்கப் பழகுமுன், புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தப் பேச்சை எடுக்கப் பயந்து நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த இடத்தில் இப்போது வெறும் புல்.

அம்மா முன் சீற்றில் ஏறிப் பட்டியைப் போட்டுக்கொண்டார். நான் காரை விபோர்க் பக்கம் திருப்பினேன்.