கண்ணாடியில் பார்த்த பிறை

ஹாலிலிருந்து பேனா மூடியால் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது.

அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தட்டு என்றால் கூட்டலில் தப்பு. இரண்டு தட்டு என்றால் விடைக்குப் பக்கத்தில் மீட்டரா வினாடியா என்று அண்ணி எழுத மறந்திருக்கிறாள். இன்றைக்கு அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணி, டீ அப்புறம் குடிக்கலாம். முதல்ல இங்க வாங்க."

கூப்பிட்டவள் அவளுடைய நாத்தனார். ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைக் கட்டி மேய்க்கிறவள். காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயது. ஆனாலும் இந்த வீட்டில் அவள் பெயர் இன்னும் 'குட்டி'தான். வைத்தது அவள் அண்ணன். வைத்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பெயர் தங்கிவிட்டது.

அண்ணி டம்ளர்களோடு வந்தாள். தப்பு வந்துவிட்டதே என்ற பயமெல்லாம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. மேசையில் இருந்தது கடைசிப் பயிற்சித்தாள். இதை முடித்தால் பாடம் முடிந்தது. பாடம் முடிந்தால், குட்டி இந்தப் படியேற ஒரு சாக்கும் மிச்சமில்லை.

அண்ணி கல்யாணமாகி இங்கே வந்தபோது குட்டி கல்லூரி மாணவி. வந்தவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு முடிவெட்டக் கற்றவள் என்று தெரிந்ததும், "பரவாயில்லை, அண்ணன் தலை இனிமே ஒழுங்கா இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்ன வாய் அது. அந்த வாயோடு அண்ணி போடாத சண்டையா? ஆனால் காலையில் எல்லாம் மறந்துபோகும். குட்டி தரையில் சப்பணம் போட்டு உட்காருவாள். மடியில் புத்தகம் விரிந்திருக்கும். பின்னால் உட்கார்ந்து அண்ணி பின்னல் போடுவாள்.

"ஒரு கல் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது..." என்று குட்டி வாய்விட்டுப் படிப்பாள்.

"யாரு எறிஞ்சா?"

"யாரோ வேலையத்தவன். தலையை ஆட்டாம பின்னுங்க."

"தலை உன்னோடது. ஆட்டுறதும் நீதான்."

மேலே போகிற கல் உச்சியில் ஒரு கணம் நின்றுதான் திரும்பும் என்பதை அண்ணி கற்றுக்கொண்டது அந்தக் கூந்தலைக் கையில் பிடித்தபடிதான்.

அப்புறம் குட்டிக்குக் கல்யாணமானது, வேலை கிடைத்தது. ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து குட்டி கிளம்பும்போது, வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கடி வந்து போம்மா" என்றாள் அண்ணி. "பார்க்கலாம் அண்ணி" என்றாள் குட்டி. அந்த ஒரு 'பார்க்கலாம்' எத்தனையோ வருஷங்களை விழுங்கிவிட்டது. மறுபடி கூப்பிட அண்ணிக்கு வாய் வரவில்லை. இன்னொரு 'பார்க்கலாம்' வந்தால் தாங்க மாட்டாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. முன்னறையில் பார்லர், பின்னால் குடித்தனம். கடையை மூடிய பிறகு சுவரோடு பேச முடியாமல்தான் அவள் விட்ட படிப்பைத் தபால் வழியில் பிடித்தாள். தட்டுத் தடுமாறிப் பட்டப்படிப்பு வரைக்கும் வந்துவிட்டாள். அதில் அடிப்படை இயற்பியலும் வானியலும் ஒரு பாடம். முதல் கணக்கே கண்ணைக் கட்டியது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"குட்டி, ஒரு வேன் வேகமா போகுது. திடீர்னு பிரேக் போட்டா எவ்வளவு தூரம் தள்ளி நிக்கும்?"

அண்ணன் ஆயுசு முழுக்க ஓட்டியது வேன்தான்.

"யார் ஓட்டுறா?" என்று மறுமுனையில் குட்டியின் குரல் வந்தது. "அண்ணன்னா அந்தக் கணக்கு செல்லாது. டீக்கடையைக் கண்டா பிரேக்கே வேண்டாம், வண்டி தானா நின்னுடும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்குமே தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டி வந்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை.

"இது என்ன அண்ணி?" குட்டி அந்தக் கடைசித் தாளை முன்னால் தள்ளினாள்.

"நிலா."

"அது தெரியுது. அமாவாசைக்கு மறுநாள்லேர்ந்து அரைநிலா வரைக்கும் தினமும் பார்த்து வரையச் சொல்லியிருக்கான். உங்க நிலா நாளுக்கு நாள் பெருசாகுது, சரி. ஆனா வெளிச்சம் தேய்பிறை மாதிரி இடது பக்கமா இருக்கே. வளருதா, தேயுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நான் பார்த்ததைத்தான் வரைஞ்சேன். சத்தியமா."

"நிலாவுக்குக் கீழே எதிர்த்தெரு தண்ணித் தொட்டி. அதோட ஏணி எப்பவும் வலது பக்கம்தானே? உங்க படத்துல எப்படி இடது பக்கம் வந்துச்சு? எங்க நின்னு பார்த்தீங்க?"

அண்ணி நேரே பார்லருக்குப் போனாள். குட்டி தாளோடு பின்னால் வந்தாள். வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்று, சீப்பைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கினாள் அண்ணி. வாசல் அவள் முதுகுப் பக்கம் இருந்தது. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் வாசல், தெரு, தண்ணீர்த் தொட்டி, இடது பக்கம் ஏணி.

குட்டிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கண்ணாடியில நிலா பார்த்திருக்கீங்க."

"முடி வெட்டுறவ வேற எங்க பார்ப்பா? திரும்பிப் பார்த்தா கஸ்டமர் காது கையோட வந்துடும்."

சிரித்துக்கொண்டே குட்டி தாளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

கண்ணாடிக்குள் எல்லாப் பிறைகளும் சரியாக இருந்தன. வெளிச்சம் வலது பக்கம், ஏணியும் வலது பக்கம். இதைப் பார்த்தே ஒரு நகல் எடுத்தால் போதும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். காலமெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கிறவளுக்கு இது தெரியாதா? சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி அதை விழுங்கினாள்.

ஆனால் குட்டியின் கண்ணும் அந்தப் பிறைகளில்தான் இருந்தது. கண்ணாடிப் பாடத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள். இப்போது சொல்லிவிடுவாள். சொன்னால் இன்றோடு சரி. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டி தாளை நிதானமாக மடித்தாள்.

"முதல்லேர்ந்து வரையணும் அண்ணி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அனுப்ப இன்னும் நாள் இருக்கு. அடுத்த அமாவாசை வரட்டும். வாசல்ல நின்னு நேரா பார்க்கணும். நானும் வந்து கூட நிக்கறேன். உங்களை நம்ப முடியாது."

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டுமா?"

"நிலா என்ன ஞாயித்துக்கிழமை மட்டுமா வருது?"

அண்ணிக்குக் கண் கரித்தது. அதை மறைக்க நாற்காலியைத் தட்டினாள். "உட்காரு. பின்னலைப் பாரு, காக்கா கூடு மாதிரி."

குட்டி உட்கார்ந்தாள். அண்ணியின் விரல்கள் கூந்தலைப் பிரித்தன. அந்தக் காலத்து அடர்த்தி இல்லை. ஆனாலும் கைக்கு அந்தத் தலை மறக்கவில்லை.

"ஒரு கல் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது" என்று முணுமுணுத்தாள் குட்டி.

"எறிஞ்சவன் இன்னுமா அகப்படலை?"

குட்டி சிரித்ததில் தலை ஆடியது. அண்ணி திட்டவில்லை.

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் குட்டி கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணி கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அந்த ஒரு 'பார்க்கலாம்' மட்டும் வரக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் வர்றேன்" என்றாள் குட்டி. "டீயில சர்க்கரையைக் குறைங்க."

பின்னல் முதுகில் ஆட, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் திருப்பத்தில் அவள் மறையும் வரை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடியில் இல்லாமல் நேராகவே பார்த்தாள். பிறகு மெல்லக் கதவைச் சாத்தினாள்.