கழுத்துப் புண்ணுக்கு வந்த ஆராய்ச்சி

மலாயாவில் அவசரகாலத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். நாங்கள் உள்ளே, எங்கள் மாடுகள் வெளியே. மாடு உள்ளே வந்தால் ஈ மொய்க்கும், சுகாதாரம் கெடும். தவிடும் பிண்ணாக்கும் வெளியே போனால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் தின்றுவிடுவார்கள். பிண்ணாக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவன் துப்பாக்கி தூக்குவான் என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ! வேலியோரம் யாரும் ஒளியக்கூடாதென்று புல்லையும் வழித்துவிட்டார்கள்.

என் மாடு அப்போது நிறைசினை. கன்றிலிருந்து நான் வளர்த்தது, எலும்பு தெரிய நின்றது. தவிட்டு வாளியோடு கேட்டுக்குப் போனேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் நல்ல மனுஷர்தான். இருந்தாலும் தலையாட்டினார்.

"தாக் போலே லா, அக்கா. வெளிய போகக்கூடாது."

வேலியில் ஓரிடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. வாளியை உள்ளே வைத்துக் கூப்பிட்டேன். மாடு கழுத்தை மட்டும் நீட்டிக் குடித்தது. தவிடு வெளியே போகவில்லை, மாடு உள்ளே வரவில்லை, சட்டத்துக்கு ஒரு குறையுமில்லை. மற்றப் பெண்களும் தங்கள் மாடுகளை அங்கேயே பழக்கினார்கள். முள் கீறத்தான் செய்தது.

அந்தச் சமயத்தில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டு நோய்களை ஆராய மலாக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். அவர் பேசுவதை எங்களுக்குச் சொல்லத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கூடவே நின்றார். எல்லா மாட்டுக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் புண்! டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. புது நோய் கிடைத்துவிட்டதே! அளந்தார், படம் பிடித்தார், தோலைச் சுரண்டிக் குப்பியில் போட்டார். வேலி அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. நாங்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த இடத்தை அடைத்துவிடுவார்கள்.

கிராணி வேலியருகே வந்து சொன்னார். "ஒட்டுவாரொட்டியாம். எல்லாத்தையும் சுட்டுப் பொதைக்கணும்னு சொல்றாரு."

ஓடிப்போய் வாளியை எடுத்து வந்தேன்.

"ஐயா, இங்க பாக்கச் சொல்லுங்க அவர!"

கூப்பிட்டதும் என் மாடு வந்து, டாக்டர் கண்முன்னே கம்பிக்குள் கழுத்தை விட்டது.

டாக்டர் நல்லவர். சுடவேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டதல்லவா? வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா என்று எங்களைக் கண்டித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இரண்டு கம்பி இழுக்கச் சொன்னார்.

அதன்பிறகும் மாடு தினமும் வந்து புதுக்கம்பியில் மூக்கை உரசி நின்றது. நான் வாளியோடு இந்தப் பக்கம் நின்றேன். அதற்கு என்மேல் கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கன்று போடும்போது எழுந்து நிற்க அதற்குத் தெம்பில்லை. தாயும் போனது, கன்றும் போனது.

அன்றுதான் டாக்டர் மறுபடி வந்தார். செத்துக் கிடந்த மாட்டின் கழுத்தை அக்கறையாகத் தடவிப் பார்த்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். கிராணி என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்.

"பாத்தியாம்மா, புண்ணு சுத்தமா ஆறிடுச்சாம்!"