எதிர்ப் பெட்டிக்கு மூட்டை ஏற்ற மாட்டேன்

1. ஆறு பெட்டியும் ஒரே பக்கம்

நான் செய்த முதல் ராட்டினம் முதல் நாளிலேயே பின்பக்கமாக ஓடியது. அதில் உட்கார்ந்திருந்த எல்லாரும் என் லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் என்னோடு குடியிருந்தவர்கள். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. இன்றைக்குப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் திரையைப் பார்த்துப் பொத்தானை அமுக்குகிறார்கள். அந்தப் பொத்தானுக்கு முன்னால் என்ன இருந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். தொழிற்சாலையை மூடினார்கள். இயந்திரங்களைப் பழைய இரும்பு என்று லொறியில் ஏற்றினார்கள். ஏற்றியவர் ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த தியாகு முதலாளி. ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"ஃபிட்டர், இந்தச் சாமானையெல்லாம் வச்சு ஒரு ஜயன்ட் வீல் செய்ய முடியுமாய்யா?"

"முடியும் முதலாளி" என்றேன். அதுவரை நான் ராட்டினத்தில் ஏறியதே இல்லை. அப்போது நுவரெலியாவில் சீசன். கார்னிவலுக்குப் போய் மூன்று நாள் ராட்டினத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். டிக்கட் எடுக்கவில்லை. என்னைத் துரத்திவிட ஒருவன் இரண்டு தடவை வந்தான். எனக்கு வேண்டியது கிடைக்கும்வரை நான் நகரவில்லை.

தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரின் ஷாப்ட் எங்கள் ராட்டினத்துக்கு அச்சானது. கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடி சுற்றிய மோட்டார் இதைச் சுற்றியது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஓடியது தொழிற்சாலையின் பழைய தோல் பெல்ட். மொத்தம் பன்னிரண்டு பெட்டி. ஏழு மாத வேலை. முடிந்ததும் முதலாளி மேலே பெரிய போர்டு மாட்டினார்: 'தியாகு ஜயன்ட் வீல்'. செய்தவன் பேர் எங்கேயும் இல்லை. வெளிநாடுகளில் பெரிய பூங்காக்களை அமைத்தவர்களுக்குப் புத்தகம் எழுதுகிறார்கள், சிலை வைக்கிறார்கள். மலையகத்தில் கோயில் மைதானத்துக்கு மைதானம் இரும்பைச் சுமந்துபோய்ப் பூட்டியவர்களை யாரும் விசாரித்ததில்லை. விசாரிக்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பெட்டியில் ஏற்றினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருக்கும் பெட்டியைக் கீழே கொண்டுவந்து அதில் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருந்தால்தான் மோட்டார் இழுக்கும், பிரேக் பிடிக்கும். இது தெரிந்திருந்தும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்துத் திருவிழா அன்றுதான் முதல் ஓட்டம். என் லயத்து ஆட்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். எதிரெதிராகப் பிரித்து உட்காரச் சொன்னதும் எல்லாருக்கும் கோபம் வந்துவிட்டது.

"என்னா மாப்புள, ஒரே லயத்து ஆளுங்கள பிரிக்கப் பாக்குறியா?" என்றார் ஆறுமுகம் மாமா. "கல்யாணம்னாலும் எழவுனாலும் ஒண்ணாத்தானடா போறோம். ஒண்ணாவே ஏறுறோம்."

மாமாவிடம் எப்படி மறுப்பது? அடுத்தடுத்து இருந்த ஆறு பெட்டியில் எல்லாரையும் ஏற்றினேன். லிவரைத் தள்ளினேன். ஆறு பெட்டியும் ஒரு பக்கமாகப் பாதி உயரத்துக்கு ஏறியபோது பெல்ட் வழுக்கியது. தோல் கருகும் நாற்றம் வந்தது. ராட்டினம் நின்றது, பிறகு விறுவிறு என்று பின்னால் வந்தது. பிரேக் கட்டையில் ஏறி நின்று என் முழுப் பாரத்தையும் போட்டேன். அது இரண்டு தடவை இப்படியும் அப்படியும் ஆடி, பாரமான பக்கம் கீழே வந்து நின்றது. மாமாவுக்கு உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். இனிமேல் யார் சொன்னாலும், சாமியே வந்து சொன்னாலும், எதிர்ப் பெட்டி காலியாக இருக்கும்போது ஓட்டத்தைத் தொடங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

2. டயகமயிலிருந்து வந்த லெச்சுமி அக்கா

அதற்குப் பிறகு நாலு வருசம் ஒரு கீறல்கூட யாருக்கும் படாமல் ஓட்டினேன். ஐந்தாம் வருசம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, ஹட்டனுக்கு வெளியே ஒரு தோட்டத்து மைதானத்தில் கார்னிவல் போட்டோம். மைதானம் தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். மத்தியானம் வரிசை மைதானத்து வாசல்வரை நின்றது. முன்னால் நின்றவர் டயகமயிலிருந்து வந்த லெச்சுமி அக்கா. கொழுந்து எடுப்பவர். இரண்டு மகள்களோடு இரண்டு பஸ் மாறி வந்து, காலையிலிருந்து வெயிலில் நின்றார். முதலில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணியதால் தாமதம். அது சரியாகி அவர்கள் முறை வந்த நேரத்தில் கம்பனியின் பெரியவர் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். கூடவே மனைவி, மைத்துனி, மைத்துனியின் கணவர்.

தியாகு முதலாளி ஓடிவந்தார். "ஃபிட்டர், வரிசையக் கலைச்சு விடு. பெரியவர் குடும்பம் மட்டும் ஒரு ரவுண்டு போகட்டும்."

"நாலு பேரு ரெண்டு பெட்டி முதலாளி. எதிர்ல ரெண்டு பெட்டிக்கு ஆள் வேணுமே. இந்த அக்காவ ஏத்துறேன்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அவங்களோட இவங்களயா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? மணல் மூட்டையத் தூக்கி வை."

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூட்டை வைத்தாலும் ராட்டினம் ஒழுங்காக ஓடும். சோதனை ஓட்டத்துக்கு நானே மூட்டைதான் வைப்பேன். இரும்புக்கு மூட்டையும் மனிதனும் ஒன்றுதான். எனக்கு இரண்டும் ஒன்றில்லை.

லெச்சுமி அக்கா காதில் எல்லாம் விழுந்துவிட்டது. "ஏங்கய்யா, மலைமேல ஏறிக் கொழுந்து எடுக்க மட்டுந்தான் நாங்களா? இதுல ஏறக்கூடாதா?" என்று முதலாளியைப் பார்த்தே கேட்டார். சின்ன மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்று. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே எரிந்தது. என் அம்மாவும் கூடை சுமந்தவள்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். மோட்டாரின் புல்லிச் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெல்ட்டை மாட்டி இறுக்கத் தெரிந்தவன் அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான்.

"மனுசங்க வரிசையில நிக்கிறப்ப மூட்டைய ஏத்த மாட்டேன் முதலாளி. இவங்களும் ஏறுனா ஓடும். இல்லாட்டி யாருக்கும் ஓடாது."

"இந்த கிரவுண்ட் அவரோடதுடா! நாளைக்கே எல்லாத்தையும் கழட்டச் சொல்லிருவாரு. உனக்கு வேலையும் இருக்காது, வீலும் இருக்காது."

எனக்கு அந்த ராட்டினத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அதன் ஒவ்வொரு போல்ட்டும் என் கை முறுக்கியது. அதை விட்டுப் போக வேண்டிவரும் என்று தெரிந்தது. ஆனாலும் பெல்ட்டைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

பெரியவர் பொறுமை இழந்து என்ன தாமதம் என்று சிங்களத்தில் கேட்டார். முதலாளி ஏதோ மழுப்பத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: எதிரே பாரம் வேண்டும், வரிசையில் முதலில் நிற்பவர்கள் இவர்கள், இவர்களை ஏற்றினால்தான் ஓட்டுவேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றியிருந்த கூட்டம் கலையவில்லை. அவருடைய மனைவி ஏற்கெனவே பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். மனைவியை இறக்கிக் கூட்டிப்போனால் மரியாதை இல்லை என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, கையை அசைத்துவிட்டு ஏறினார்.

பெல்ட்டை மாட்டினேன். லெச்சுமி அக்காவையும் மகள்களையும் எதிர்ப் பெட்டிகளில் ஏற்றினேன். அத்தோடு விடவில்லை. வரிசைப்படி மீதி எட்டுப் பெட்டியையும் நிரப்பிய பிறகுதான் லிவரைத் தள்ளினேன். பெரியவர் உச்சிக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தார். லெச்சுமி அக்கா உச்சியில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, "அடியே, அங்க பாருங்கடி, நம்ம வந்த ரோட்டு!" என்று கத்தினார். வழுக்குப் பாறையில் கூடையோடு நிற்கும் கால்கள், அவருக்கு என்ன பயம்? எப்போதும் பத்துச் சுற்றுதான் விடுவேன். அன்றைக்குப் பதினைந்து விட்டேன்.

3. மறுநாள் காலை

பெரியவர் மைதானத்தைக் காலி பண்ணச் சொல்லவில்லை. அவர் அதை மறந்தே போயிருப்பார். தியாகு முதலாளி மறக்கவில்லை. காலையில் நான் போகும்போது ஹட்டன் டவுனிலிருந்து ஒரு புது ஆளைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

"இனி நீ வேணாம் ஃபிட்டர். சாவியக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். பிறகு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். முதலாளி பதறிப்போனார். கோபத்தில் எதையாவது தளர்த்திவிடுவேன் என்று பயம். "இறங்குடா, போலீசக் கூப்பிடுவேன்" என்று கத்தினார். நான் இறங்கவில்லை. தினமும் காலையில் பார்ப்பதுபோல் பன்னிரண்டு பெட்டியையும் சக்கரத்தில் பூட்டிய இரும்புப் பின்களைத் தட்டிப் பார்த்தேன். பெயாரிங்குக்குக் கிரீஸ் அடித்தேன். முந்தின நாள் அவசரத்தில் மாட்டிய பெல்ட்டை மறுபடி இறுக்கினேன். கீழே வந்து புது ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, எந்தப் பெட்டிக்கு எது எதிர்ப் பெட்டி என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன். மாமா மச்சான் என்று யார் கெஞ்சினாலும் அடுத்தடுத்து ஏற்றாதே என்று சொல்லிக்கொடுத்தேன்.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டையைப் போடும்போது கிட்டே வந்தார்.

"உனக்கு எம்மேல கோவமே இல்லயா ஃபிட்டர்?"

"இருக்கு முதலாளி. நெறயா இருக்கு. இன்னைக்கு இதுல ஏறப்போறது நீங்க இல்லயே."

அதற்குப் பிறகு வேறு ஆட்களுக்கு மூன்று ராட்டினம் செய்துகொடுத்தேன். மூன்று இடத்திலும் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன்: வரிசையைக் கலைக்கச் சொன்னால் பெல்ட்டைக் கழற்றிவிடுவேன். இரண்டு இடத்தில் அதற்காகவே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்தும் பின்னைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், முதலாளியோடு சண்டை போட வேண்டிய நாள் வந்தால் ஒளியாமல் முகத்துக்கு நேரே போடுங்கள். போல்ட்டை முறுக்கிவிட்டுப் போடுங்கள்.