மாப்பிள்ளையின் ஷூவும் இங்கிலாந்து வண்டலும்

கடலைக் காட்டுகிறோம் என்றுதான் அழைத்துப் போனார்கள். போய் இறங்கினால் கடலைக் காணோம்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். பல நூறு வருஷத்துப் பழைய துறைமுகமாம். கருங்கல் படகுத்துறை மேல் நாங்கள் நாலு பேர்: நான், என் வீட்டுக்காரி, மகள், மாப்பிள்ளை. கீழே ஏரி வற்றிய மாதிரி சேறு. அதில் படகுகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கிடப்பேனே, அப்படி. இதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம்? சித்திரையில் எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் வந்தால் இந்த மாதிரி ஏரிகளை இலவசமாகவே பார்க்கலாம்.

மகள் விடவில்லை. கடல் தினம் ரெண்டு தடவை இப்படி உள்வாங்கிப் போய்த் திரும்பி வரும், இந்தக் கல்லில்தான் கயிறு கட்டுவார்கள், அந்தக் கட்டடத்தில்தான் வரி வாங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். காற்று வேறு காதுக்குள் புகுந்து மூளையைத் தேடியது. கிடைக்காமல் திரும்பியிருக்கும். மே மாதத்தில் குல்லாய் போட்டு நடுங்குவதற்குப் பெயர் சுற்றுலாவா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு நடந்தால் குளிராது என்றாள் என் வீட்டுக்காரி.

இதில் காலில் மாப்பிள்ளையின் ஷூ. ஊரிலிருந்து நான் செருப்போடுதான் வந்திருந்தேன். குளிருக்கு அது ஆகாது என்று மாப்பிள்ளையே தன் புது ஷூவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். நல்ல தோல். அவர் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. கிளம்பும்போது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, பாத்து. அவரே அத வெளிய போட மனசில்லாம பொத்திப் பொத்தி வெச்சிருக்காரு."

முதன்முதலாக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த இடம். ஏதாவது ஆனால் சம்பந்திவரை சேதி போகும். வழியில் இருந்த ஈரத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அப்புறம் மகளும் மாப்பிள்ளையும் காபி வாங்கப் போனார்கள். நான் சும்மா நின்றிருக்கலாம். நின்ற சரித்திரம் இல்லை.

அந்தச் சேறு கறுப்பாக, வழவழவென்று கிடந்தது. எங்கள் ஊரில் ஏரி வற்றினால் வண்டல் அள்ள டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். இங்கே இவ்வளவு வண்டலை ஒருத்தனும் தொடாமல் விட்டிருக்கிறானே என்று வயிறு எரிந்தது. தக்காளித் தோட்டத்துக்கு ரெண்டு லோடு அடித்தால் எப்படி இருக்கும்! ஒரு கை அள்ளி உருட்டிப் பார்க்கலாம் என்று படகு இறக்கும் சரிவு வழியாக இறங்கினேன். கடல் மண் உப்பாக இருக்குமே என்பது இத்தனை வருஷம் விவசாயம் பார்த்தவனுக்குத் தோன்றவில்லை. சரிவின் ஓரத்தில் எச்சரிக்கை போர்டு இருந்தது. எங்கள் ஏரிக்கரையிலும்தான் இறங்காதே என்று போர்டு உண்டு. அதில் ஆடு கட்டுவோம்.

கல் முடிந்து மண்ணில் கால் வைத்ததும் வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. இழுத்தேன். கால் வரப் பார்த்தது, ஷூவை மண் விடவில்லை. காலை எடுத்தால் ஷூ போய்விடும். ஷூவை விடாவிட்டால் கால் வராது. அப்படியே நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கடல் திரும்பி வந்தது. சென்னையில் நான் பார்த்த கடல் நின்ற இடத்தில் நின்று சத்தம் போடும். இது சத்தமே இல்லாமல் சேற்றுப் பள்ளங்கள் வழியாக நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் படகு ஒன்று மெல்ல நிமிர்ந்தது. நான் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். விசா இல்லாமல் சாமி எப்படி வரும் என்ற கவலையும் கூடவே வந்தது. தண்ணீர் அப்போது எனக்கு இன்னும் பத்தடி தள்ளித்தான் இருந்தது என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

"ஏங்க, அந்தக் கருமத்த விட்டுட்டு மேல வாங்க," என்று அவள் மேலிருந்து கத்தினாள்.

"மாப்ளையோட ஷூ புள்ள."

"மாப்ளைக்கு நான் சொல்லிக்கறேன். உங்கள மூட்ட கட்டி எப்படி வூட்டுக்குக் கொண்டு போறது?"

அவள் சத்தம் கேட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரும் நானும் சாப்டீங்களா, சாப்டேன் என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. சரிவின் கடைசிக் கல்லில் மண்டி போட்டு என் கையைப் பிடித்தார். போர்டைப் படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தேன் என்றேன். இழுக்கப் பார்த்தார். நான் வரவில்லை. பாப்பா வாங்கிக் கொடுத்தது, நீங்கள் பொத்தி வைத்திருந்தது என்று ஏதேதோ குளறினேன்.

அவர் மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார். மகளை இன்னும் காணோம். என் காதருகில் குனிந்தார்.

"மாமா, அது கடிக்கும். ரெண்டு நாள் போட்டதுல குதிகால்ல தோலே போயிடுச்சு. அவகிட்ட சொல்ல முடியல. அதான் உங்களுக்குக் குடுத்தேன்."

காலையிலிருந்து என் குதிகாலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்த கோபத்தில் காலை உதறி இழுத்தேன். சொளக்கென்று வெறும் சாக்ஸோடு வந்தது. இரண்டு பேரும் கல்லில் மல்லாந்து விழுந்தோம். குழியை மண் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன்மேல் தண்ணீரும் வந்துவிட்டது.

காபியோடு வந்த மகள் என் காலைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ புருஷன் பக்கம் திரும்பி, வருத்தப்படாதீங்க என்று அவர் தோளைத் தட்டினாள்.

"அந்தக் கடை போற வழியிலதான் இருக்கு. அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கிடலாம். அப்பாவுக்கும் ஒண்ணு."

எதையாவது சொல்லிக் காப்பாற்றுங்கள் என்பதுபோல மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

நல்ல தோல் பாப்பா, வாங்கு என்றேன்.