துரைசாணியின் ஸ்வெட்டர்

வேலுமணிக்கு மாமனார் வீட்டுச் சீர் வந்து இறங்கிய அன்று வில்பட்டியில் பாதிப் பேர் அவன் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். மினி வேனிலிருந்து கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது, கிரைண்டர் இறங்கியது. கடைசியாக மாமனார் ஒரு கூடையை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி இறங்கினார். உள்ளே கறுப்பாக ஒரு நாய்க்குட்டி மலைக்குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"கன்னி நாய் மாப்ள. எங்க பக்கம் பொண்ணோட சேத்து இதையும் குடுத்துவிடுறது வழக்கம். வேட்டைக்கு இத அடிச்சிக்க வேற சாதி கெடையாது" என்றார் மாமனார்.

கோவில்பட்டிக் கரிசலில் அது பெரிய மரியாதையாக இருக்கலாம். வில்பட்டி ஆட்களோ பைக்கை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். எதிர்வீட்டு அஜித்குமார் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விதான் வேலுமணியைச் சரித்திர ஆசிரியன் ஆக்கியது. அதுவரை நாய்க்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கொடைக்கானல் போகிற ரோட்டில் பிரெட் ஆம்லெட் கடை போட்டுப் பிழைப்பவன். மாமனாருக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டான், செல்போனில் வீடியோ பார்த்தான். கொஞ்ச நாளிலேயே, பரம்பரை பரம்பரையாகக் கன்னி வளர்த்தவன் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான்.

"சாதா நாய் இல்லீங்க இது. கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு இருக்குல்ல, அதான் அடையாளம். மோப்பம் புடிச்சுக்கிட்டுத் திரியாது. கண்ணால பாத்துச்சுன்னா வில்லுல இருந்து விட்ட அம்புதான். பாளையக்காரங்க முயல் வேட்டைக்கு வளத்த சாதி."

டீ மட்டும் குடிக்கிறவர்களுக்குப் பாளையக்காரர்கள். டபுள் ஆம்லெட் சொன்னவர்களுக்குப் பாண்டிய மகாராஜாவே நாயோடு வருவார்.

"இப்பவும் வேட்டைக்குப் போகுமா?" என்று யாராவது கேட்டால், "வேட்டையாடுறது குத்தமுங்க. அதனால ரிட்டயர்டு" என்பான். பிறந்ததிலிருந்தே ரிட்டயர்டு என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

வெறுந்தரையில் உட்காராமல் கம்பளி விரித்தால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்ததால், மனைவி மணிமேகலை அதற்குத் துரைசாணி என்று பேர் வைத்தாள். அஜித்குமார் வேண்டுமென்றே சுருக்கி "சாணி, சாணி" என்று கூப்பிடுவான். வேலுமணி அதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தான்.

வம்பு போன சீசனில் வந்தது. ஸ்வேதா என்று ஒரு சுற்றுலாப் பெண் ஆம்லெட்டுக்குக் காத்திருந்தபோது, துரைசாணியின் விலா எலும்பைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள். இந்தச் சாதிக்கு எலும்பு லேசாகத் தெரிந்தால்தான் அழகு என்று வேலுமணி சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வீடியோ எடுத்துப் போட்டாள். அதில் முன்னால் ஒட்டிய வயிறோடு நாய், பின்னால் அகப்பையோடும் தொப்பையோடும் வேலுமணி. அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

அதன்பிறகு கார்கள் நின்றன, கண்ணாடிகள் இறங்கின. "ஏங்க, அதுக்குச் சோறே போடமாட்டீங்களா?" பாண்டிய மகாராஜாவைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. பிஸ்கட் பாக்கெட்டுகள்தான் வந்து விழுந்தன.

வேலுமணி யோசித்தான். தன்னுடைய பழைய மெரூன் ஸ்வெட்டரை வெட்டித் தைத்துத் துரைசாணிக்கு மாட்டிவிட்டான். எலும்பு மறைந்தது, வசவு நின்றது. "ஸோ க்யூட்" என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சீசன் முடிந்து மழையும் வந்தது. குளிருக்கும் ஆயிற்று என்று ஸ்வெட்டர் அப்படியே இருந்தது. துவைத்து மாட்டும்போதெல்லாம் அது இறுகிக்கொண்டே போனதைக் கவனித்த மணிமேகலை, சோப்புத்தூளைத் திட்டினாள்.

வெறிநாய் தடுப்பூசி முகாமுக்கு வந்த டாக்டர் சௌம்யா, "ஸ்வெட்டரக் கழட்டுங்க" என்றார். வேலுமணி முன்பக்கமும் மணிமேகலை பின்பக்கமும் பிடித்து இழுக்க, ஒருவழியாகக் கழன்றது. டாக்டர் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்ன ப்ரீட்?"

"கன்னிங்க டாக்டர். வேட்டை நாய். பாளையக்காரங்க..."

"எலும்பு எங்கங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யார் சாப்பாடு போடுவது என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தாங்க. காலைல கம்பங்கூழு, ஒரு முட்ட. வேற ஒண்ணும் கெடையாது" என்றான் வேலுமணி.

மணிமேகலை தரையைப் பார்த்தாள். "சாயங்காலம் ரெண்டு தோச வைப்பேங்க. பாவமாப் பாக்கும்."

"அடிப்பாவி, நானும் கடையில ஆம்லெட் ஓரத்த..." என்று ஆரம்பித்து வேலுமணி வாயை மூடிக்கொண்டான்.

வரிசைக் கடைசியிலிருந்து அஜித்குமாரின் குரல் வந்தது. "தெனம் ஒரு பன்னு நானும் போடுவேன் டாக்டர். சாணின்னு கூப்பிட்டா வெரசா வந்துரும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாப்பாட்டப் பாதியாக் கொறைங்க. இது ஓட வேண்டிய சாதி. என்னைக்காவது முழுசா ஓட விட்டிருக்கீங்களா?"

வேலுமணி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். காட்டுமாடு முட்டிவிடும், ஏதாவது முயலைத் துரத்திப் போய் வனத்துறையில் மாட்டிவிடும் என்று பயந்து, இத்தனை வருஷமும் அதைக் கயிற்றிலேயே வைத்திருந்தான். அம்பு மாதிரி ஓடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அது ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை.

தோசையும் பன்னும் நின்றன. துரைசாணி கொஞ்சம் இளைத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து, நான்கு பக்கமும் கம்பிவேலி போட்ட பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போனான். ஸ்வெட்டரைக் கழற்றினான். கயிற்றையும் அவிழ்த்தான். அது நகரவே இல்லை. குளிருகிறதே, என்ன சோலிக்கு இங்கே வந்தோம் என்கிற மாதிரி அவன் முகத்தையே பார்த்தது.

மைதானத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவர் காற்றில் எழும்பியது.

பக்கத்தில் நின்ற நாயைக் காணோம். ஈரப் புல்லோடு புல்லாகத் தாழ்ந்து, முதுகு வில்லாக வளைந்து வளைந்து நிமிர, தரையைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாத ஓட்டம். கவரை எட்டிப் பிடித்து, உதறிப் போட்டுவிட்டு, நிற்காமல் வேலியோரமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வேலுமணி வாயைத் திறந்தபடி நின்றான். சொன்னதெல்லாம் நிஜம்தான்.

பிறகு "துரைசாணி" என்று கூப்பிட்டான். வரவில்லை. பிடிக்கப் போனான். அது விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. வெயில் ஏறும்வரை மைதானத்தில் வேட்டை நடந்தது. துரத்தியது வேலுமணி.

மறுநாள் அவனால் காலை ஊன்ற முடியவில்லை. மணிமேகலைதான் கடையைத் திறந்தாள். வழக்கமாக வருகிற வேன் டிரைவர் ஒருவர் டீயைக் குடித்துக்கொண்டே, "எங்கம்மா அந்த வேட்டை நாயி?" என்று விசாரித்தார்.

"தூங்குதுண்ணே. நேத்து ஓடுன ஓட்டத்துல ஒடம்பெல்லாம் வலியாம்."

"பாவம், நாய்க்கா?"

"நாய்க்கு என்ன கேடு? எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் மணிமேகலை, முட்டையை உடைத்துக்கொண்டே.