பாடத்திட்டத்தில் இல்லாத மூன்று வாரம்

இலங்கையில் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருடம் அது. நான் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழி இங்கே அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். குடும்பத்துக்குச் சொந்த ஊர் இலங்கையில் வன்னிப் பக்கம். அங்கே பஸ் ஓடாமல் டியூஷனெல்லாம் நின்றுபோய், பிளஸ் டூ மாதிரியான பரீட்சைக்குப் பிள்ளைகள் தனியாகத் திண்டாடுகிறார்கள் என்று அவள் சொன்னாள். உடனே ஆறு பேர் சேர்ந்து ஒரு மாணவர் அமைப்பே ஆரம்பித்துவிட்டோம். பெயர் வைத்தோம், சின்னம் வரைந்தோம், போஸ்டர் போட்டோம்.

கணக்கு என் பொறுப்பு. எங்கள் மொட்டைமாடியில் கரும்பலகையைச் சாய்த்துவைத்து, என் பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து தினமும் வீடியோ காலில் நடத்தினேன். அந்தப் பக்கம் ஏழு பேர். அதில் ஒரு பெண் ஒருநாளும் தவறியதில்லை. இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு இந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வேண்டும். "புரியுதாம்மா?" என்று கேட்டால் "ஓம் அக்கா" என்பாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் ஆனதும், "கஷ்டமான கணக்கு இருந்தா அனுப்பு, ஒரு கை பாத்துடலாம்" என்றேன். பழைய வினாத்தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். சுவரில் சாய்ந்த ஏணி, தரையில் உராய்வு, விசைகள். பாதித் தாள் இப்படியே இருந்தது. நான் விழுந்து விழுந்து நடத்தியதில் கால்வாசிகூட அதில் இல்லை. வேறு பாடத்தின் தாளை மாற்றி அனுப்பிவிட்டாளோ என்று குழம்பிப்போய் போன் செய்தேன்.

"இதுதான் எங்கட கணிதம் அக்கா."

"அப்போ மூணு வாரமா நான் நடத்துனது?"

"அதில கனக்கப் பாடம் எங்கட பரீட்சைக்கு வராது அக்கா. நீங்கள் இவ்வளவு ஆசையாப் படிப்பிக்கேக்க எப்பிடிச் சொல்லுறது?"

பேசுவது ஒரே தமிழ், அதனால் பாடமும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். தோழியும் இங்கே எங்கள் புத்தகத்தைத்தானே படித்தாள்? அங்கே கரண்ட் வரும் கொஞ்ச நேரத்தில் போனில் ஏற்றிய சார்ஜை எனக்காகச் செலவழித்திருக்கிறாள் அந்தப் பெண். அவமானமாக இருந்தது. அவள்மேல் கோபமும் வந்தது. கோபப்பட எனக்கென்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

மறுநாளிலிருந்து ஏணிக் கணக்கோடு நானே மல்லுக்கட்டினேன். இன்று படித்ததை நாளை நடத்துவேன். "இன்னாமே, பரீட்ச உனக்கா, அதுங்களுக்கா?" என்று நைனா கிண்டல் செய்தார்.

அவள் பாஸ் செய்தாள். ஆனால் இன்ஜினீயரிங் கிடைக்க மார்க் போதவில்லை. அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? தெரியவில்லை. "நீங்கள் பெரிய உதவி செய்தனீங்கள், நன்றி அக்கா" என்று செய்தி அனுப்பினாள். அதை எத்தனை முறை படித்தாலும், அவள் மனதாரச் சொன்னாளா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாளா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.