பதினொன்று தசம் நான்கு

என் தங்கச்சியின் காரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கலாம். எனக்கு அவை வேண்டாம். பொச்சரிப்பு என்றால் பொச்சரிப்புத்தான்.

அவள் கனடாவுக்கு வந்தது எனக்கு ஆறு வருடம் பிந்தி. முதல் இரண்டு வருடமும் எங்கள் பேஸ்மென்டில்தான் இருந்தாள். எந்த பஸ் எங்கே போகும் என்று காட்டிக்கொடுத்தவள் நான். நான் வேலை செய்யும், மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் சூப்பவைசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலை எடுத்துக் கொடுத்தவளும் நான். பிறகு அவள் கலியாணம் முடித்து விட்பியில் புது வீடு வாங்கினாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். விட்பி தூரம், கண்ணில் படாது. கார் அப்படியல்ல. அது ஒவ்வொரு நாள் காலையும் மோர்னிங்சைட்டில் என் வாசலுக்கே வந்து நின்றது.

லக்சறி எஸ்யூவிகளில் சின்ன வகை என்றார்கள். பேர்தான் சின்னது. முத்து வெள்ளை நிறம், வானம் தெரிகிற கூரை, குளிர் நாளில் சூடாகும் இருக்கை. எங்கள் வீட்டில் இருப்பது பதினான்கு வயதுக் கார். அதையும் என் கணவர் விடிய நாலரைக்கே பேக்கரி வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். எனக்கு பஸ். போன குளிரில் பஸ் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்ட பிறகு, தங்கச்சியே சொன்னாள்.

"நான் ஹைவேயாலை வரேக்கை உன்னையும் ஏத்திக்கொண்டு போறன் அக்கா. ஒரே இடத்துக்குத்தானே போறம்."

பெற்றோலுக்குக் காசு நீட்டினேன். "அக்காட்டைக் காசு வாங்கிறதோ?" என்று என் கையைத் தட்டிவிட்டாள். ஆகவே மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேருக்குமாகக் கட்டத் தொடங்கினேன். இடியப்பம், சொதி, ஒரு முட்டைப் பொரியல். அதோடு சரிக்குச் சரி என்று மனதுக்குள் முடித்துவிட்டேன்.

கார் வாங்கிய வாரம் கோயிலில் பூசை நடந்தது. மூத்தவள் என்பதால் காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். குனிந்து தேசிக்காய் வைத்தவளின் கண்தான் அந்தக் காரில் முதலில் பட்டது. அப்போது தங்கச்சியின் கணவர் ஐயருக்கும் கேட்கும்படி வாய்ப்பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய கார் எண்டு நினைக்காதேங்கோ. நூறு கிலோமீற்றருக்கு எட்டரை லீற்றர்தான் குடிக்கும்."

திரும்பி வரும்போது என் கணவர், "உது யானை கட்டித் தீனி போடுற அலுவல்" என்றார். "பிறீமியம் பெற்றோல்தான் அடிக்கவேணும். ஒயில் மாத்த எங்கடை காரை விட இரண்டு மடங்கு. பிரேக்குக்குப் போனால் அழுதுகொண்டுதான் வருவினம். குளிருக்கு வேறை ரயர், அதுகும் பெரிய சைஸ்." அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். நானும் தேவாரம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு வந்தேன். இருந்தும் வீட்டு வாசலில் எங்கள் காரின் கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டியிருந்தது. வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

பிறகுதான் அந்த எண்ணைக் கண்டுபிடித்தேன். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், சின்னதாக, நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கார் தானே காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் அது புதிதாகக் கணக்கைத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் ஒன்பது தசம் எட்டு. மார்கழியில் பத்தரையைத் தாண்டியது. தை மாதத்தில் பதினொன்று தசம் நான்கு. எட்டரை எங்கே, இது எங்கே! தங்கச்சி வீதியைப் பார்த்து ஓட்டுவாள், நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒவ்வொரு தசமும் ஏறுவதைப் பார்க்க, அந்த இருக்கைச் சூட்டை விட இதமாக இருந்தது.

இன்னுமொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு அவளுடைய கார் வாசலில் வந்து நிற்பது என் குசினி ஜன்னலால் தெரியும். நான் அதற்கு முன்பே சப்பாத்து மட்டும் போடாத குறையாக வெளிக்கிட்டு இருப்பேன். ஆனால் உடனே போகமாட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேசையில் இருப்பேன். லக்சறிக்காரி கொஞ்சம் நிற்கட்டும் என்று ஆற அமரக் குடிப்பேன். பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். அவள் ஹோர்ண் அடிக்க மாட்டாள், ஃபோன் எடுக்க மாட்டாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்குவேன். கார்க் கதவைத் திறந்தால் என் இருக்கை கொதித்துக்கொண்டிருக்கும்.

தை மாதக் கடைசியில் விட்பியில், அவர்களுடைய வீட்டில், பிறந்தநாள் விருந்து ஒன்று. முப்பது பேர் வரையில் இருந்தார்கள். தங்கச்சியின் கணவர் வோபர்னிலிருந்து வந்த ஒருவருக்குப் பழையபடி எட்டரை லீற்றர் பல்லவியைத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அது பதினொண்டு தசம் நாலு. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய முகம் கறுத்துப்போனது. ஃபோனை எடுத்து, காரோடு இணைந்த ஏதோ ஒரு அப்பைத் திறந்து, அதை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு, பத்து, இருபது நிமிஷம் ஒரே இடத்திலை எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது. எங்கை நிண்டனீர்?"

என் கையில் பாதி கடித்த றோல்ஸ் இருந்தது. நான் நாள்தோறும் ரசித்த எண்ணில் என் பங்கும் இருந்தது. குளிரில் ஹீற்றரும் இருக்கைச் சூடுமாக அந்தக் கார் என் வாசலில் நின்று குடித்த பெற்றோல் அது.

தங்கச்சி என்னைப் பார்க்கவேயில்லை. "கோப்பிக்கு ட்றைவ்-துறூவிலை நிக்கிறனான். விடிய வலு நீட்டு லைன்" என்றாள்.

"இருபது நிமிஷம் கோப்பிக்கோ? லக்சறிக் கார் வாங்கித் தந்தது கோப்பிக் கியூவிலை நிக்கவோ? நாளையிலேயிருந்து வீட்டிலை ஊத்திக் குடிச்சிட்டுப் போம்."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அது நான்தான் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் கார் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. நான் றோல்ஸைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த வேலை நாள் ஆறு மணிக்கு முன்பே வாசலில் போய் நின்றேன். கார் வந்தது. இருக்கை குளிர்ந்துபோயிருந்தது. தங்கச்சி அவசரமாக அதன் பொத்தானை அமத்தினாள். என் வாசலில் நிறுத்திய பிறகுதான் தினமும் அதை அமத்துவாளாம். அது சூடேற நேரம் எடுக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் அக்கா குளிருக்கை நிக்கிறாய்? முழங்கால் நோகேல்லையோ?"

"இண்டைக்கு நோவில்லை."

மோர்னிங்சைட் சிக்னலில் அவள் காரை நிறுத்தினாள். பிறகு வீதியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்திருக்கலாம். காருக்குள்ளை இருந்து பாத்தால் உன்ரை குசினி நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ நிண்டனி?" என்று கேட்டேன்.

"ஓம். பேஸ்மென்டிலை இருக்கேக்கை நான் ஒரு நாளாவது நேரத்துக்கு வெளிக்கிட்டனானே? நீ உடுத்துக்கொண்டு படியிலை நிப்பாய். என்னாலை உனக்கு எத்தினை பஸ் தவறிப் போயிருக்கும்? ஒரு நாளும் நீ கத்தேல்லை."

எனக்கு அது நினைவில் இல்லை. நான் எண்ணி வைத்திருந்தது காட்டிக்கொடுத்த பஸ்களையும் எடுத்துக்கொடுத்த வேலையையும்தான். அவள் வேறு எதையோ இத்தனை வருடமாக வைத்திருந்திருக்கிறாள். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. காரும் அவளுக்கு, நல்ல மனமும் அவளுக்கா?

மாசிக் குளிர் தை மாதத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. நான் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு முன்பே வாசலில் நின்றேன். அடுத்த தடவை டாங்க் நிரப்பிய பிறகு அந்த எண் மெல்ல மெல்ல இறங்கி, பத்து தசம் ஏழில் நின்றது. கோப்பியை நிப்பாட்டிய உடனே கார் எப்படித் திருந்திவிட்டது பாருங்கள் என்று தங்கச்சியின் கணவர் காணும் இடமெல்லாம் சொல்லித் திரிகிறார். என்னிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பத்து தசம் ஏழு இன்னமும் எட்டரை இல்லைத்தான். அந்த மிச்சம் குளிருக்கும் அவருடைய வாய்க்கும் சேர்ந்தது. பதினொன்று தசம் நான்கிலிருந்து இறங்கிய தசம் ஏழு மட்டும் என்னுடைய தேத்தண்ணி.